கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கிறதா? கோயில் வாசலில் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பழகி, கல்யாணமாகி மொரிஷியஸுக்கு, ரோஸ் ஹில்லுக்கு வந்து சேர்ந்தவள் நான். இங்கேயும் கண் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே யாராவது ஒருவர் "அக்கா, கண்ணுல தண்ணி நிக்கவே மாட்டேங்குது" என்று ஆரம்பிப்பார். சொன்னதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இப்போது எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் கண்ணை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

அழவே இல்லை, ஆனாலும் கண்ணீர் வழிகிறது. ஏன்?

சமையலறைத் தொட்டி நிரம்பி வழிந்தால் என்ன பார்ப்பீர்கள்? ஒன்று, குழாயை யாரோ அதிகமாகத் திறந்து விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்திருக்க வேண்டும். கண்ணும் அப்படித்தான்.

கண்ணீர் சுரக்கும் சுரப்பி மேல் இமைக்குள், காதுப் பக்கமாக இருக்கிறது. அங்கிருந்து வரும் நீர் கண்ணை நனைத்துவிட்டு மூக்குப் பக்க ஓரத்துக்கு வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று கீழ் இமையை லேசாக வெளியே இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒரு புள்ளி தெரியும். அதுதான் கண்ணீர்த் துளை. மேல் இமையிலும் ஒன்று உண்டு. துளையிலிருந்து மெல்லிய குழாய் வழியாகக் கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து எலும்புக்குள் இருக்கும் குழாயில் இறங்கி மூக்குக்குள் போய்விடுகிறது. அழும்போது மூக்கும் ஒழுகுவது இதனால்தான். ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் இமைத் தசை ஒரு சின்ன பம்பு மாதிரி நீரை உள்ளே தள்ளுகிறது.

இந்த வழியில் எங்கே கோளாறு என்றாலும் கன்னத்தில் நீர் வழியும். துளை சுருங்கியிருக்கலாம், குழாய் அடைத்திருக்கலாம். வயதானவர்களுக்குக் கீழ் இமை தளர்ந்து வெளியே மடிந்துபோய், துளை கண்ணை ஒட்டாமல் நிற்கும். அப்போது குழாய் நன்றாக இருந்தும் பயனில்லை. முகவாதம் வந்தவர்களுக்குச் சிமிட்டும் தசையே வேலை செய்யாது. அடைப்பே இல்லாமல் கண்ணீர் அதிகமாகச் சுரந்து வழிவதும் உண்டு: ஒவ்வாமை, இமை முடி உள்ளே வளைந்து விழியை உரசுவது, இமை ஓரத்து அழற்சி.

அதனால்தான் "கண்ணீருக்கு ஒரு மருந்து சொல்லுங்க" என்று கேட்பவர்களிடம் முதலில் ஏன் வழிகிறது என்று பார்க்கச் சொல்கிறேன்.

டாக்டர் எனக்குக் கண் வறட்சி என்கிறார். வறண்ட கண்ணில் தண்ணீர் எப்படிக் கொட்டும்? ஏமாற்றுகிறாரா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். விழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஈரப்படலம் இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு எண்ணெய்ப் பூச்சும் வேண்டும். இமை ஓரத்துச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் எண்ணெய் குறையும், ஈரம் சீக்கிரம் ஆவியாகும். விழி காய்ந்து உறுத்தும். உறுத்தல் தெரிந்ததும் பெரிய சுரப்பி பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டும். கொட்டுகிற நீர் வெறும் நீர், நிற்காது, வழிந்துவிடும். மறுபடி காயும்.

இங்கே எபேன் கம்ப்யூட்டர் நகரத்தில், குளிர்சாதன அறையில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிற பிள்ளைகள் பாதிப் பேர் இந்தக் கதைதான். திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துபோகும். மேட்டுப் பகுதியான க்யூர்பிப் பக்கம் குளிர்காலத்துக் காற்றில் நடந்தால் எந்தக் கண்ணும் கலங்கும், அது நோயே இல்லை. கரும்பு வெட்டும் காலத்தில் தோட்டம் எரித்த கரித்தூள் பறந்து வந்து விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வறட்சி என்றால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இமைக்கு வெதுவெதுப்பான ஒத்தடம், இமை ஓரத்தைச் சுத்தம் செய்வது இவையே பெரும்பாலும் போதும். அடைப்புக்குச் செய்கிற ஆபரேஷன் பேச்சே கிடையாது. பொதுவாக இரண்டு கண்ணும் எரிந்து, மாலையிலோ காற்றிலோ அதிகமானால் வறட்சியைச் சந்தேகிக்கலாம். ஒரே கண்ணில், வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் வழிந்து, காலையில் பீளை கட்டினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். இது என் அனுபவக் கணக்கு, பரிசோதனைக்கு ஈடாகாது.

அடைப்புதான் என்று எப்படி உறுதி செய்வார்கள்? வலிக்குமா?

முதல் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். டாக்டர் மூக்கோரத்தில் கண்ணீர்ப்பை இருக்கும் இடத்தை விரலால் அழுத்துவார். துளை வழியாகச் சளியோ சீழோ எட்டிப் பார்த்தால் பைக்குக் கீழே அடைப்பு என்று அர்த்தம். அப்புறம் கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு 5 நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வழி திறந்திருந்தால் சாயம் இறங்கிப் போயிருக்கும்.

மூன்றாவதுதான் மதுரையில் நாங்கள் 'டக்ட் டெஸ்ட்' என்று சொல்வது. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு போட்டு, முனை மழுங்கிய மெல்லிய ஊசியைத் துளைக்குள் விட்டு உப்பு நீரைச் செலுத்துவார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி திறந்திருக்கிறது. அதே துளையிலோ மேல் துளையிலோ நீர் திரும்பி வந்தால் எந்த இடத்தில் அடைப்பு என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கூச்சமாக இருக்கும், வலி என்று சொல்லுமளவுக்கு இருக்காது. 'ஊசி' என்றதும் எழுந்து ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். கண்ணில் கசப்பான சொட்டு மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசந்தால் அந்தப் பக்கத்து வழி ஓரளவாவது திறந்திருக்கிறது.

எங்கள் கைக்குழந்தைக்கு ஒரு கண் எப்போதும் ஈரம், காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. பயப்பட வேண்டுமா?

கண் வெள்ளையாக, சிவப்பில்லாமல் இருந்து, நீரும் கொஞ்சம் பீளையும் மட்டும் என்றால் பெரும்பாலும் பயமில்லை. கண்ணீர்க் குழாய் மூக்குக்குள் திறக்கும் இடத்தில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். பிறக்கும்போது திறந்திருக்க வேண்டிய அது சில குழந்தைகளுக்குத் திறக்கத் தாமதமாகும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைவதற்குள் தானாகவே சரியாகிவிடும்.

அதுவரை மசாஜ் செய்ய வேண்டும். 1920களில் கிரிக்லர் என்ற டாக்டர் எழுதி வைத்த முறை, இன்றுவரை மாறவில்லை. நகத்தை ஒட்ட வெட்டிக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். கண்ணின் மூக்கோர முனைக்குப் பக்கத்தில் சுண்டு விரலை வைத்து அழுத்தி, அழுத்தத்தை விடாமல் மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுங்கள். பைக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தில் அந்தச் சவ்வு திறக்க வேண்டும், அதுதான் நோக்கம். ஒரு தடவைக்கு ஐந்திலிருந்து பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. பால் கொடுக்கும்போது செய்தால் மறக்காது.

இங்கே நான் பார்த்த தவறு ஒன்றுதான். தாய்மார்கள் பயத்தில் தடவிக் கொடுக்கிறார்கள், அழுத்துவதில்லை. பூவைத் தொடுகிற மாதிரி தொட்டால் சவ்வு எப்படித் திறக்கும்? எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு தடவை டாக்டரையோ நர்ஸையோ உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத சில நேரங்களும் உண்டு. பிறந்த முதல் மாதத்தில் கண் சிவந்து, இமை வீங்கி, சீழ் கொட்டினால் அன்றே போக வேண்டும். மூக்கோரத்தில் நீல நிற வீக்கத்தோடு பிறந்த குழந்தைக்கு மூச்சும் சிரமப்படலாம், அதுவும் உடனே. இன்னொன்றை எல்லாரும் கோட்டை விடுகிறார்கள்: கண்ணீரோடு சேர்ந்து குழந்தை வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினால், கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தால், அது பிறவிக் கண் அழுத்த நோயாக இருக்கலாம். மசாஜ் செய்து நாளைக் கடத்தினால் பார்வை போய்விடும்.

தாய்ப்பால் விடலாமா? மை தீட்டலாமா? மாமியார் விளக்கெண்ணெய் என்கிறார்.

மூன்றும் வேண்டாம். பால் கண்ணில் கிருமிக்குச் சாப்பாடு. மையில் ஈயம் கலந்திருப்பது உண்டு, தூளும் துளையை அடைக்கும். திருஷ்டிக்கு வேண்டுமானால் கன்னத்திலோ உள்ளங்காலிலோ பொட்டு வையுங்கள், கண்ணுக்குள் வேண்டாம். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் போதும், ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு.

ஒரு வயது தாண்டியும் நிற்கவில்லை என்றால்?

குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைத் துளை வழியாக இறக்கி அந்தச் சவ்வைத் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை, வெளியே காயமே இருக்காது, அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெரும்பாலும் ஒரே தடவையில் சரியாகும். இல்லையென்றால் மறுபடி செய்து, சில மாதங்களுக்கு ஒரு சிலிக்கான் இழையைக் குழாய்க்குள் விட்டு வைப்பார்கள்.

பெரியவர்களுக்கு ஏன் வருகிறது? எனக்கு ஐம்பது வயது, இத்தனை நாள் இல்லையே.

நடுவயது தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம். எலும்புக்குள் ஓடும் குழாய் பெண்களுக்குக் கொஞ்சம் குறுகலாக இருப்பது ஒரு காரணம் என்பார்கள். உள்சுவர் மெல்ல மெல்ல அழற்சியில் தடித்து ஒருநாள் மூடிக்கொள்கிறது. மூக்கில் அடிபட்டவர்களுக்கும் சைனஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் வரலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்தவர்கள், மார்பகப் புற்றுக்கு டோசிடாக்செல் ஏற்றிக்கொள்கிறவர்கள் கண்ணில் நீர் வழிந்தால் புற்றுநோய் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். 'இவ்வளவு பெரிய நோயில் இந்தக் கண்ணீர் ஒரு விஷயமா' என்று சொல்லாமல் விடுகிறார்கள். முழுக்க மூடுவதற்கு முன்னால் சொன்னால் குழாயைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

சொட்டு மருந்து போட்டு அடைப்பைத் திறக்க முடியாதா?

பெரியவர்களின் முழு அடைப்பு சொட்டு மருந்தில் திறக்காது. இதை நான் என் வீட்டிலேயே கோபத்தோடு கற்றுக்கொண்டேன். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் என் மாமியார் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டிக்கொண்டிருந்தார். போகும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் சொட்டு எழுதித் தருவார்கள். போட்டால் பத்து நாள் பீளை குறையும், நிறுத்தினால் திரும்பும். இப்படியே மூன்று வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது யதேச்சையாக மூக்கோரத்தை அழுத்திப் பார்த்தேன். சீழ் பொங்கி வந்தது. மூன்று வருஷத்தில் யாரும் அந்த இடத்தில் விரல் வைத்ததில்லை.

சொட்டு மருந்து தேங்கிய குட்டையில் கிருமியைக் குறைக்கும், குட்டையை வடிக்காது. ஒரே சொட்டு மருந்தை மூன்றாவது தடவையாக எழுதினால் "டக்ட் பார்த்தீங்களா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

மூக்கோரம் திடீரென்று சிவந்து வீங்கி, தொட்டாலே உயிர் போகிறது.

கண்ணீர்ப்பைக்குள் சீழ் பிடித்திருக்கிறது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரையாகவோ ஊசியாகவோ ஆன்டிபயாடிக் தேவைப்படும். இந்த நிலையில் மசாஜும் டக்ட் டெஸ்ட்டும் கூடாது, கட்டியைக் கிள்ளவும் கூடாது. காய்ச்சல், பார்வை மங்கல், பொருள் இரண்டாகத் தெரிவது, விழி முன்னே தள்ளுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். நம் தீவில் வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறோமே.

வீக்கம் வற்றியதும் "சரியாப் போச்சு" என்று விட்டுவிடாதீர்கள். அடைப்பு அப்படியே இருக்கிறது, மறுபடி வரும்.

டிசிஆர் ஆபரேஷன் என்றால் என்ன?

பெரியவர்களின் முழு அடைப்புக்குச் செய்யும் ஆபரேஷன் இது; டாக்ரியோசிஸ்டோரைனாஸ்டமி என்ற நீளப் பெயரின் சுருக்கம். அடைத்த குழாயைத் தோண்டுவதில்லை. கண்ணீர்ப்பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய எலும்பில் ஒரு ஜன்னல் திறந்து, பையை நேராக மூக்கோடு இணைத்துவிடுவார்கள். பழைய குழாய் அடைத்தபடியே கிடக்கும், கண்ணீர் புது வழியில் போகும். 1904ல் இத்தாலியில் டோட்டி என்பவர் ஆரம்பித்து வைத்தது.

தோல் வழியாகச் செய்தால் மூக்கின் பக்கவாட்டில் சின்னத் தழும்பு இருக்கும், சில மாதங்களில் கண்ணாடி போடும் மடிப்போடு கலந்துவிடும். எண்டோஸ்கோப் வைத்து மூக்குக்குள்ளிருந்தே செய்தால் வெளித்தழும்பு இல்லை. எது உசத்தி என்று கேட்டால், கை பழகிய டாக்டர் செய்வது உசத்தி. இரண்டிலும் பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் பலன் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் போல ஆகும். மரத்துப்போகும் ஊசி போட்டும் செய்வார்கள், முழு மயக்கத்திலும் செய்வார்கள். சிலருக்குச் சிலிக்கான் குழாய் வைத்து, ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுப்பார்கள். கண்ணோரத்தில் அது நூல் மாதிரி தெரியும், பிடித்து இழுத்துவிடாதீர்கள்.

எல்லா அடைப்புக்கும் டிசிஆர் இல்லை. துளை மட்டும் சுருங்கியிருந்தால் அதை அகலப்படுத்தினால் போதும். இமை மடிந்திருந்தால் இமையைச் சரிசெய்ய வேண்டும். பைக்கு மேலே இருக்கும் மெல்லிய குழாய்களே முழுக்க மூடிவிட்டால், கண்ணோரத்திலிருந்து மூக்குக்கு ஒரு குட்டிக் கண்ணாடிக் குழாய் வைப்பதும் உண்டு.

பாட்டிக்கு எண்பத்தைந்து வயது. அவ்வளவு பெரிய ஆபரேஷன் தாங்குமா?

கண்ணீர்ப்பையை மட்டும் எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. சீழ் நிற்கும், கண்ணீர் வழிவது நிற்காது. இதைப் பாட்டியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "ஆபரேஷன் பண்ணியும் அழறேன்" என்று ஊரெல்லாம் சொல்வார்.

கண் புரை எடுக்கப் போனேன். முதலில் டக்ட் பார்க்க வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நல்ல டாக்டர். பைக்குள் சீழோடு புரை ஆபரேஷன் செய்தால் கிருமி கண்ணுக்குள் போய்ப் பார்வையே பறிபோகலாம். முதலில் அடைப்புக்கு வழி செய்துவிட்டுப் புரைக்குப் போங்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு என்ன செய்யக் கூடாது? தைப்பூசம் வருகிறது, காவடி எடுக்கலாமா?

இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மிவிடுங்கள். தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். முதல் ஓரிரு நாள் சுடச்சுட டீ வேண்டாம், மூக்கில் இரத்தம் கசியும். குனிந்து கனம் தூக்கவும் கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், தானாக நிறுத்தாதீர்கள்.

காவடிதான் இங்கே எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி. பத்து நாள் விரதம், ஜனவரி பிப்ரவரி வெயில், தலைக்கு மேலே பாரம், கன்னத்திலும் நாக்கிலும் அலகு, சுற்றிலும் கற்பூரப் புகை. ஆபரேஷன் ஆன மாதத்தில் இது வேண்டாம் என்பேன். முருகன் அடுத்த வருஷமும் அதே மலையில்தான் இருப்பார். நேர்த்திக்கடன் தள்ளிப்போடவே முடியாது என்றால் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சீழ் பிடிக்காத சாதாரண அடைப்பு சில வாரம் பொறுக்கும்.

மொரிஷியஸில் முதலில் எங்கே போவது?

பக்கத்து டிஸ்பென்சரிக்கு, அதாவது அரசின் சின்ன சுகாதார நிலையத்துக்கு. அங்கிருந்து கண் பிரிவுக்கு எழுதித் தருவார்கள். அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. மோகாவில் கண்ணுக்கென்றே இருக்கும் அரசு மருத்துவமனைக்கு சுப்ரமணிய பாரதி பெயர்தான். அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நம்மவர்களுக்குப் பாதி நோய் போய்விடும், மீதிப் பாதிக்கு வரிசையில் உட்கார வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கிரியோல் தெரியாமல் முழிக்கிறார்கள். "மோ லிஸ்யே பே கூலே" என்றால் போதும், கண்ணில் நீர் வழிகிறது என்று புரிந்துகொள்வார்கள். எந்தக் கண், எத்தனை மாதமாக, பீளை உண்டா, என்ன சொட்டு போட்டீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலி மருந்துப் புட்டிகளையும் எடுத்துப் போங்கள்.

கண்ணீரில் இரத்தம் கலந்து வருகிறது.

உடனே காட்டுங்கள். கண்ணீர்ப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். மூக்கோரத்தில் வலியில்லாமல் கெட்டியாக ஒரு கட்டி வளர்ந்தாலும் அப்படியே.

சாப்பிடும்போது மட்டும் ஒரு கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. காரம் காரணமா?

காரம் என்றால் இரண்டு கண்ணிலும் கொட்டும். முன்பு அந்தப் பக்கம் முகவாதம் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நரம்பு மறுபடி வளரும்போது, எச்சில் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை வழி தவறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய்விடும். வாய் ஊறும்போது கண் ஊறும். அடைப்பு இல்லை, குழாயில் கை வைக்க வேண்டாம். தொல்லை அதிகமானால் சுரப்பியில் போடாக்ஸ் ஊசி போடுவார்கள்.

டிசிஆர் ஆகி மூன்று மாதம் ஆயிற்று. மூக்கைச் சிந்தினால் கண்ணோரம் காற்று புஸ்ஸென்று வருகிறது. ஏதாவது கெட்டுப்போயிற்றா?

இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது, அதனால் காற்று ஏறி வருகிறது. என் மாமியாருக்கும் ஆபரேஷனுக்குப் பிறகு அப்படித்தான். பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து "ஆயா, இன்னொரு தடவை!" என்று கேட்பார்கள், அவரும் செய்து காட்டுவார். ரொம்பப் பலமாகச் சிந்தாதீர்கள், அவ்வளவுதான்.